ஹார்மனி கற்க எந்த வழி: புத்தகமா, கீபோர்டா, கிட்டாரா, காதா, கணினியா?

சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று நான்கு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வாசிக்கத் தெரியும். பாட்டு ஓடும். ஆனால் ஏ மைனர் இருக்கிற இடத்தில் ஈ மைனர் போட்டால் என்ன ஆகும், எஃப் வருவதற்கு முன்னால் ஒரு சி7 நுழைத்தால் ஏன் இழுவை கூடுகிறது என்று கேட்டால் பதில் வராது. ஹார்மனி, அதாவது கார்டுகள் எப்படிச் சேர்ந்து நகர்கின்றன என்பதைப் படிக்கலாம் என்று கிளம்புகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். புத்தகத்தை எடு என்பார் ஒருவர். பாட்டைக் கேட்டுக் கேட்டு எடு, புத்தகம் எதற்கு என்பார் இன்னொருவர். இரண்டும் சரிதான், ஆனால் ஒரே ஆளுக்கு அல்ல.

வழிகளை எடைபோடும் முன் ஒன்றைப் பார்த்துவிடலாம். கீபோர்டில் ஜி7 அழுத்துங்கள்: ஜி, பி, டி, எஃப். இதில் பி-யும் எஃப்-உம்தான் உரசுகின்றன. அடுத்து சி மேஜர் வரும்போது பி அரைச்சுரம், அதாவது பக்கத்துக் கட்டைக்கு, ஏறி சி ஆகிறது. எஃப் அரைச்சுரம் இறங்கி ஈ ஆகிறது. காதுக்குக் கிடைக்கிற 'வீட்டுக்கு வந்துவிட்டோம்' என்ற உணர்வின் பெரும்பங்கு இந்த இரண்டு அரைச்சுர நகர்வில் இருக்கிறது. கார்டு வரிசை என்று நாம் சொல்வது மூன்று நான்கு மெட்டுகள் சேர்ந்து நடக்கிற நடை. கார்டின் பெயர் அந்த நடையை ஓரிடத்தில் நிறுத்தி எடுத்த படம். எந்த வழி இந்த நடையைக் காதுக்கும் கண்ணுக்கும் காட்டுகிறதோ அதுதான் நல்ல வழி. கீழே உள்ள தீர்ப்புகள் எல்லாம் இந்தச் சாய்வோடுதான் வருகின்றன.

## எதை வைத்து அளப்பது

காது: கார்டு மாறும்போது, கையில் வாத்தியம் இல்லாமலே, போனது எத்தனையாவது கார்டு என்று சொல்ல முடிகிறதா?

கை: தெரிந்த வரிசையைப் பாடகர் கேட்கிற ஸ்கேலுக்கு, தாளில் எழுதிப் பார்க்காமல், அப்போதே மாற்ற முடிகிறதா?

காரணம்: ஸ்கேலுக்கு வெளியே இருந்து ஒரு கார்டு வந்தால் அது எங்கிருந்து வந்தது, எங்கே போகப் பார்க்கிறது என்று விளக்க முடிகிறதா?

இவற்றோடு முதல் பலன் கிடைக்க ஆகும் காலமும், வெளியே தெரியாத செலவும். அந்தச் செலவு பெரும்பாலும் பின்னால் மறக்க வேண்டியிருக்கும் பழக்கமாகவே வருகிறது.

ஒரு குறிப்பு: கார்டுகளை இங்கே எண்ணாலும் சொல்கிறேன். சி மேஜரில் சி 1, டி மைனர் 2, ஈ மைனர் 3, எஃப் 4, ஜி 5, ஏ மைனர் 6, பி டிமினிஷ்ட் 7. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் நாஷ்வில் நகர ஸ்டூடியோப் பாடகர் நீல் மேத்யூஸ் தன் குழுவுக்காக இப்படி எண்ணால் எழுதத் தொடங்கி, பிறகு அந்த ஊர் இசைக்கலைஞர்கள் எல்லாருக்கும் பரவியது. எந்த வழியில் போனாலும் எண்ணில் யோசிக்கும் பழக்கத்தை முதல் நாளே தொடங்குங்கள்.

| வழி | காது | கை | காரணம் | முதல் பலன் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| புத்தகம், நான்கு குரல் எழுத்து | குறைவு | குறைவு | மிக நன்று | பல மாதம் | நோட்டேஷன். கேட்காமல் எழுதும் பழக்கம் |
| கீபோர்டு | நன்று | மிக நன்று | நன்று | சில வாரம் | ட்ரான்ஸ்போஸ் பட்டன் (ஸ்கேலைத் தானே மாற்றித் தருவது) |
| கிட்டார் வடிவங்கள் | சுமார் | நன்று | குறைவு | சில நாள் | நடை கண்ணில் படாது |
| காதால் எடுத்தல் | மிக நன்று | சுமார் | சுமார் | சில வாரம் | பொறுமை |
| கணினி | சுமார் | இல்லை | சுமார் | அன்றே | தானியங்கி வசதிகள் |

## புத்தகம்: நான்கு குரலில் எழுதிப் பழகுவது

சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு வரி எழுதி, பாஹின் கோரல்களை (நான்கு குரல் தேவாலயப் பாடல்களை) மாதிரியாக வைத்துப் படிக்கிற பழைய பாடமுறை. எந்த ஸ்வரம் அடியில் இருந்தாலும் கார்டு ஒன்றே என்ற கருத்தை 1722-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோ முறைப்படுத்தினார். டானிக் (வீடு), சப்டாமினன்ட் (வீட்டை விட்டு விலகுவது), டாமினன்ட் (வீட்டுக்கு இழுப்பது) என்று எல்லாக் கார்டுகளையும் மூன்று வேலைகளுக்குள் அடக்கும் பார்வையை 1893-இல் ஜெர்மன் இசையறிஞர் ரீமான் முன்வைத்தார். இன்றைய பாடநூல்களில் பல இந்த இரண்டின் மேல் நிற்கின்றன.

காரணம் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. சி மேஜரில் திடீரென்று டி7 வந்தால், அது ஜி-யைத் தற்காலிக வீடாக்க வந்த 5-இன் 5 (ஜி-யை 1 என்று வைத்தால் வரும் 5) என்று உடனே புரியும்; உள்ளே இருக்கிற எஃப் ஷார்ப் ஏன் ஜி-க்கு ஏறத் துடிக்கிறது என்பதும் புரியும். எஃப் மைனர் வந்தால் அது சி மைனரிலிருந்து கடன் வாங்கியது. அதன் ஏ ஃப்ளாட் ஜி-க்கு இறங்கப் பார்க்கிறது.

கோளாறு ஒன்றுதான், ஆனால் பெரியது. பயிற்சிகளைக் கண்ணாலேயே முடித்துவிட முடியும். இணை ஐந்தாம் சுரம் இருக்கிறதா, லீடிங் நோட் (ஸ்கேலின் ஏழாம் ஸ்வரம்) இரட்டித்திருக்கிறதா என்று விதிகளைச் சரிபார்த்து முழு மதிப்பெண் வாங்குகிற மாணவருக்கு, தான் எழுதியது எப்படி ஒலிக்கும் என்றே தெரியாமல் போகலாம். தாளில் 2-5-1 என்று குறிப்பார்; பாட்டில் அதே 2-5-1 காதருகே கடந்து போனால் கண்டுகொள்ள மாட்டார். மருந்து எளிது, அலுப்பானது: எழுதிய ஒவ்வொரு நான்கு தாள அளவையும் (பார்), நான்கு குரலையும் தனித்தனியாகப் பாடிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

இன்னொன்று, விதிகளைச் சட்டமாக எடுத்துக்கொள்வது. இரண்டு குரல்கள் ஐந்தாம் சுர இடைவெளியை விடாமல் சேர்ந்து நகர்ந்தால் ஒன்று மற்றொன்றின் நிழலாகிவிடும். நான்கு குரல் மூன்றாகக் கேட்கும். விதி அதனால் வந்தது. ராக் கிட்டாரின் பவர் கார்டுகளில் ஒலிப்பது முழுக்க முழுக்க இணை ஐந்தாம் சுரங்கள்தான். அங்கே தனித்தனிக் குரல்கள் தேவையில்லை, கனமான ஒற்றை மெட்டுதான் தேவை, ஆகவே அது பிழையில்லை.

ஸ்டாஃப் நோட்டேஷன் ஏற்கெனவே ஓடும் என்றால், தேர்வு எழுத வேண்டியிருந்தால், பாடகர் குழுவுக்கோ தந்திக் கருவிகளுக்கோ எழுதப் போகிறீர்கள் என்றால் இந்த வழிதான். ஆசிரியர் கட்டாயம் தேவைப்படுவதும் இங்கேதான். உங்கள் டெனர் வரியின் அபத்தம் உங்களுக்கே கேட்காது.

## கீபோர்டு: கையால் கண்டுபிடிப்பது

கார்டின் ஒவ்வொரு ஸ்வரமும் எங்கே போகிறது என்பதை விரல் நேரடியாக உணரும் வாத்தியம் இது. பியானிஸ்ட் ஆக வேண்டியதில்லை; வலது கையில் மூன்று ஸ்வரம், இடது கையில் ஒன்று போதும்.

முதல் பயிற்சி 1-4-5-1. வலது கை சி-ஈ-ஜி. அடுத்த எஃப் கார்டுக்குக் கையைத் தூக்காதீர்கள்: சி அப்படியே இருக்கட்டும், ஈ எஃப்-க்கும் ஜி ஏ-க்கும் ஆளுக்கொரு வெள்ளைக் கட்டை ஏறட்டும். சி-எஃப்-ஏ கிடைத்துவிட்டது. அங்கிருந்து ஜி கார்டுக்கு மூன்றுமே இறங்கும்: சி பி-க்கு, எஃப் டி-க்கு, ஏ ஜி-க்கு. பிறகு பி-டி-ஜி-யிலிருந்து சி-ஈ-ஜி. இடது கை சி, எஃப், ஜி, சி.

நான்கிலிருந்து ஐந்துக்குப் போகிற அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பேஸ் எஃப்-இலிருந்து ஜி-க்கு ஏறுகிறது, வலது கை மொத்தமும் இறங்குகிறது. சோம்பல்பட்டு வலது கையையும் சி-எஃப்-ஏ-யிலிருந்து டி-ஜி-பி-க்கு ஏற்றிப் பாருங்கள். நடுவிலுள்ள எஃப் பேஸோடு ஒட்டிக்கொண்டே ஜி-க்குப் போகிறது. கீழே இருக்கிற சி-எஃப் ஜோடி அதே இடைவெளியில் டி-ஜி ஆகிறது. மொத்தமும் ஒரு பலகையைத் தள்ளியது போல ஒலிக்கும். புத்தகம் பத்துப் பக்கம் எடுத்துக்கொள்கிற விஷயத்தைக் காது பத்து நொடியில் ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாவது, 2-5-1. இடது கையில் டி, ஜி, சி. வலது கையில் இரண்டே ஸ்வரம்: எஃப்-சி, பிறகு எஃப்-பி, பிறகு ஈ-பி. டி மைனர்7, ஜி7, சி மேஜர்7 மூன்றும் கேட்டுவிடும். ஒவ்வொரு மாற்றத்திலும் வலது கையில் நகர்வது ஒரே ஒரு ஸ்வரம். முதலில் சி பி ஆகிறது, அடுத்து எஃப் ஈ ஆகிறது. ஜாஸ் கலைஞர்கள் 'கைட் டோன்' என்று சொல்வது இந்த இரண்டு ஸ்வரங்களைத்தான்.

மூன்றாவதில் தங்கி இருந்து பழக வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் இசைப்பள்ளிகளில் பேஸ் வரியை மட்டும் எழுதிக் கொடுத்து, மேலே உள்ளதை விசைப்பலகையில் அங்கேயே உருவாக்கச் சொல்வார்கள். துராந்தே, ஃபெனரோலி போன்றவர்கள் அந்த மரபின் ஆசிரியர்கள். அதன் அடிப்படைப் பாடம் 'எண்மச் சுர விதி': பேஸ் ஸ்கேலில் ஏறி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இயல்பாக உட்காரும் கார்டு எது என்பது. ஏறும்போது இப்படி வரும்: சி-யில் சி மேஜர், டி-யில் ஜி7, ஈ-யில் சி மேஜர், எஃப்-இல் டி மைனர்7, ஜி-யில் ஜி மேஜர், ஏ-யில் எஃப் மேஜர், பி-யில் ஜி7, மேல் சி-யில் சி மேஜர். எட்டுப் படிகளில் ரூட் (கார்டுக்குப் பெயர் தரும் ஸ்வரம்) அடியில் இருப்பது இரு முனைகளிலும் ஐந்தாம் படியிலும் மட்டுமே, மற்றதெல்லாம் இன்வெர்ஷன், அதாவது கார்டின் வேறு ஸ்வரம் அடியில். பேஸ் டி வந்தாலே டி கார்டு என்று ஊறிப்போன பழக்கம் இங்கே உடையும். இறங்கும்போது ஏ-யில் எஃப் மேஜருக்குப் பதிலாக எஃப் ஷார்ப்போடு டி7 வரும். அது அடுத்துள்ள ஜி-க்குத் தள்ளிவிடும். புத்தகத்தில் 5-இன் 5 என்று படித்தது இங்கே கட்டை விரலுக்கடியில் இருக்கிறது.

தவறும் இடங்கள் மூன்று. ஒன்று, சி மேஜரிலேயே தங்கிவிடுவது. எல்லாம் வெள்ளைக் கட்டை என்பதால் படிகளை எண்ண வேண்டியதே வராது. 1-4-5-1 தடங்கலின்றி வந்ததும் ஜி, எஃப், டி, பி ஃப்ளாட் என்று ஒரு ஷார்ப், ஒரு ஃப்ளாட்டாகக் கூட்டிக்கொண்டே போங்கள். இரண்டு, ட்ரான்ஸ்போஸ் பட்டன். மேடையில் அது தெய்வம், பயிற்சியில் எமன். ஒரு விரலை அழுத்தினால் முழுக் கார்டு தரும் ஆட்டோ ஸ்டைலும் அதே வகை. மூன்று, சஸ்டெயின் பெடல்; தாறுமாறான தாவலைக்கூட மெழுகி மறைத்துவிடும். முதல் மாதம் காலை அதன்மேல் வைக்க வேண்டாம்.

மெட்டமைக்க விரும்புகிறவருக்கு, பாடகருக்கு, எங்கே தொடங்குவது என்று தெரியாதவருக்கு என் பரிந்துரை இதுதான்.

## கிட்டார்: வடிவங்கள் வழியே

சில நாளில் பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கலாம் என்பதில் இதற்குப் போட்டியே கிடையாது. சிக்கல், கார்டு இங்கே ஒரு விரல் வடிவமாக மனதில் பதிவதுதான். திறந்த நிலை சி கார்டில் ஒலிப்பவை சி, ஈ, ஜி, சி, ஈ. ஜி-யில் ஜி, பி, டி, ஜி, பி, ஜி. ஐந்தாறு கம்பிகள், ஸ்வரமோ மூன்றுதான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது விரல்கள் மொத்தமாகப் பறக்கின்றன. எந்த ஸ்வரம் எதுவாக மாறியது என்று கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. பார் கார்டு (ஒரே விரலால் கம்பிகளைக் குறுக்கே அழுத்துவது) இன்னும் மோசம்: வடிவத்தை அப்படியே சறுக்கினால் எல்லாக் குரலும் இணையாக நகர்கின்றன.

கேப்போவும் (கம்பிகளை ஒரு ஃப்ரெட்டில் மொத்தமாக அழுத்தும் கவ்வி) குழப்பும். இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு சி வடிவம் பிடித்தால் ஒலிப்பது டி. தனியாகப் பாடும்வரை கவலையில்லை. கீபோர்டுக்காரர் 'என்ன கார்டு' என்று கேட்கும்போதுதான் கணக்கு இடறும். எண்ணில் பேசினால் இடறாது.

இதற்காகக் கிட்டாரை விட்டுவிட்டுக் கீபோர்டுக்கு ஓட வேண்டியதில்லை. மேல் மூன்று கம்பிகளில் மட்டும் வாசியுங்கள். மூன்றாம், இரண்டாம், முதல் கம்பிகளில் ஃப்ரெட் 5-5-3 என்றால் சி-ஈ-ஜி. 5-6-5 என்றால் சி-எஃப்-ஏ. 4-3-3 என்றால் பி-டி-ஜி. கீபோர்டில் பார்த்த அதே 1-4-5, அதே நடை. 5-5-3 இலிருந்து 5-6-5 க்குப் போகும்போது மூன்றாம் கம்பி அசையாமல் நிற்பதைப் பாருங்கள். ஏற்கெனவே கிட்டார் வாசிப்பவருக்கு இந்த மூன்று வடிவங்கள் ஒரு வார வேலை.

## காதால் எடுப்பது

பாட்டைக் கேட்டுக் கார்டைப் பிரித்து எழுதுவது. காதுக்கு இதற்கு ஈடு இல்லை. ஆனால் வரிசை மாறினால் இரண்டு மணிநேரம் போயும் கையில் ஒன்றும் நிற்காது. வரிசை இது: முதலில் ச-வைப் பிடித்து முனகுங்கள். பிறகு பேஸை மட்டும் பாடுங்கள். ச-வை 1 என்று வைத்து எண்ணால் எழுதுங்கள். அடுத்து ஒவ்வொரு பேஸுக்கு மேலும் மேஜரா மைனரா என்று பாருங்கள். கடைசியாக மெட்டில் அழுத்தி நிற்கும் ஸ்வரம் அந்தக் கார்டுக்குள் இருக்கிறதா என்று சரிபாருங்கள். ச ரி க ம பழகியவருக்கு இதில் பாதி வேலை முடிந்தாயிற்று. ச எந்தச் சுருதியிலும் உட்காரும், மற்ற ஸ்வரங்களை அதை வைத்தே கேட்பது ஏற்கெனவே பழக்கம். தனித்தனி இடைவெளிகளை ஒலித்துக் காட்டிப் பெயர் கேட்கும் செயலிகள் இந்த அளவுக்கு உதவுவதில்லை. அங்கே ச இல்லை, ஆகவே ஸ்வரத்துக்கு ஊரும் இல்லை.

அடிக்கடி நேரும் பிழைகள்:

பேஸில் பி கேட்டதும் பி மைனர் என்று எழுதுவது. சி மேஜர் பாட்டில் அது பெரும்பாலும் பி-யை அடியில் வைத்த ஜி கார்டு. பி மைனருக்கு எஃப் ஷார்ப் வேண்டும். அதைப் பாடிப் பாருங்கள், பாட்டோடு ஒட்டாது.

சி6-உம் ஏ மைனர்7-உம் ஒன்றோ என்று திகைப்பது. இரண்டிலும் சி, ஈ, ஜி, ஏ தான். பேஸ் எதில் நிற்கிறதோ அதை வைத்துப் பெயர் சொல்லுங்கள்.

ஏ மைனர், எஃப், சி, ஜி என்று சுற்றிச்சுற்றி வரும் பாட்டில் வீடு எது என்று தெரியாமல் தவிப்பது. சி-யை வீடாக எடுத்தால் 6-4-1-5, ஏ-யை எடுத்தால் 1-6-3-7. மெட்டின் வரிகள் எந்த ஸ்வரத்தில் இளைப்பாறுகின்றன என்று பாருங்கள். எங்காவது ஜி ஷார்ப்போடு ஈ மேஜர் தலைகாட்டினால் ஏ மைனர் பக்கம் சாயலாம். சில பாட்டுகள் இரண்டுக்கும் நடுவே வேண்டுமென்றே ஊசலாடும். அங்கே அடம்பிடிப்பதில் பயனில்லை.

போன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது, ஹெட்போன் வேண்டும். பாதி வேகத்தில் ஓடவிடலாம். சில பழைய பதிவுகளின் சுருதி கீபோர்டின் இரண்டு கட்டைக்கு நடுவில் நிற்கும். உங்கள் காதைச் சந்தேகிக்கும் முன் அதைச் சோதியுங்கள். இணையத்தில் கிடைக்கும் கார்டு பட்டியலை முடித்த பிறகு மட்டும் ஒப்பிடுங்கள், அப்போதும் அதை நம்பிவிடாமல். இன்வெர்ஷன்களை அவை பெரும்பாலும் விழுங்கிவிடும்.

## கணினி

இசை மென்பொருளின் பியானோ ரோலில் ஸ்வரங்கள் கோடுகளாகத் தெரிவதால் குரல்களின் நடையைக் கண்ணால் பார்க்கலாம். அது உண்மையான லாபம். ஆனால் தயார் கார்டு தொகுப்புகளை இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தால் ஐந்து வருடம் கழித்தும் தொகுப்புதான் இசையமைக்கும். கார்டை நகல் எடுத்து மேலும் கீழும் நகர்த்துவதும் அப்படியே: எல்லாம் ரூட் அடியில் நிற்க, மொத்தமும் தாவும். வைத்த பிறகு உள்குரல்களை ஒரு ஆக்டேவ் மேலோ கீழோ இழுத்து, எந்தக் குரலும் நான்கைந்து அரைச்சுரத்துக்கு மேல் தாவாதபடி சீராக்குங்கள். நடு சி-க்கு ஒரு ஆக்டேவ் கீழே இறங்கிவிட்டால் மூன்றாம் சுர இடைவெளி கலங்கலாகக் கேட்கும். அங்கே ரூட்டும் ஐந்தாம் சுரமும் போதும்.

வாசிப்பதில் ஆசையே இல்லை, ட்ராக் தயாரிப்பதுதான் நோக்கம் என்றால் இது சரியான தேர்வு. அப்போதும் கணினியோடு இணைக்கும் 25 கட்டையுள்ள சிறிய மிடி கீபோர்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

## நேரம் குறைவு என்றால்

நாளுக்கு அரைமணி என்றால் இருபது நிமிடம் கீபோர்டு அல்லது மூன்று கம்பிக் கிட்டார், பத்து நிமிடம் காது. புத்தகம் இப்போது வேண்டாம். ஆறு வாரம் கழித்து, இதுவரை எடுத்துப் பார்க்காத நான்கைந்து கார்டு பாட்டு ஒன்றை எடுத்து, எண்களை எழுதி, பதிவில் உள்ள ஸ்கேலில் ஒரு முறையும் இரண்டு அரைச்சுரம் கீழே ஒரு முறையும் வாசியுங்கள்.

எண்கள் சரியாக இருந்து கை நின்றுவிட்டால், கீபோர்டு நேரத்தைக் கூட்டி ஸ்கேல்களை அகலப்படுத்துங்கள். கை ஓடி எண்கள் தவறினால், தவறியது பேஸா மேஜர்-மைனரா என்று பார்த்து அதற்கு மட்டும் காதுப் பயிற்சி. இரண்டும் சரியாக இருந்து, 'ஏ மைனருக்கு முன்னால் ஈ7 எதற்கு வந்தது' என்ற கேள்வி தூங்கவிடவில்லை என்றால் புத்தகத்தைத் திறக்கும் நாள் அதுதான். செகண்டரி டாமினன்ட் (5-இன் 5 போன்ற கார்டுகள்) அத்தியாயத்திலிருந்தே தொடங்கலாம். முன்னால் உள்ளவை உங்கள் விரலுக்குத் தெரியும்.